சித்தப்பாவின் நோட்டும் சத்யம் பங்கும்

போன வாரம் திருவனந்தபுரத்திலிருந்து தம்பி போன் பண்ணியிருந்தான். சித்தப்பா மகன். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. அவனுக்கு ஞாயிறு காலை, எனக்கு இங்கே மினியாபொலிசில் சனி ராத்திரி. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு ஏஐ கம்பெனி ஷேர். ஒருத்தன் பத்து மடங்கு ஏறும்ங்கான். இன்னொருத்தன் வெறும் காத்தடைச்ச பலூன்ங்கான். ரெண்டு பேரும் விவரமானவங்க. நீங்க என்ன சொல்லுகீங்க?"

எத்தனை போடப் போகிறாய் என்று கேட்டேன். வீட்டு லோனுக்கு முன்பணமாகச் சேர்த்து வைத்திருப்பதில் பாதி என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. இதே கேள்வியை, இதே மாதிரி ஒரு பணத்தை வைத்துக் கொண்டு, 2008 டிசம்பரில் அவன் அப்பா என்னிடம் கேட்டார்.

"உங்கப்பாவோட பழைய நோட்டு ஒண்ணு இருக்குமே, பச்சை அட்டை போட்டது. அதைத் தேடி எடுத்து வை. நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லி வைத்து விட்டேன். அவனிடம் மறுநாள் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கொசுவத்தி கொஞ்சம் நீளமாகச் சுற்றும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

டெக்னோபார்க்கில் ஒரு பொற்காலம்

திருவனந்தபுரத்துக்கும் கம்ப்யூட்டருக்குமான உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. கேரள அரசு கெல்ட்ரானை 1973-ல் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பிய கே.பி.பி. நம்பியார்தான் பின்னாளில் டெக்னோபார்க்குக்கும் முன்னின்றார். 1990-ல் உருவான டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. பிரதமர் நரசிம்ம ராவ் 1995-ல் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். பம்பா, பெரியார் என்று கட்டிடங்களுக்கு ஆறுகளின் பெயர். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த எங்கள் வீட்டு ஆட்களுக்கு, ஒரு பையன் கழுத்தில் அட்டையை மாட்டிக் கொண்டு பெரியாருக்கும் பம்பாவுக்கும் வேலைக்குப் போகிறான் என்பது பெரிய வேடிக்கை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 1998-ல், ஒரு சின்ன கம்பெனியில். கேரளத்தில் அப்போது "ஆடு, தேக்கு, மாஞ்சியம்" திட்டங்களில் பணத்தைத் தொலைத்த புண் ஆறவில்லை. ஆறாயிரம் ரூபாய் கட்டினால் இருபது வருஷத்தில் மரம் லட்சங்களாகும் என்று நம்பிப் போட்டவர்கள். தமிழ்நாட்டிலும் அதே கதைதான், சென்னையின் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் கவிழ்ந்தது 1998-ல். மரத்தில் ஏமாந்தவர்கள் அடுத்து சாஃப்ட்வேரைப் பார்த்தார்கள். அது மரம் மாதிரி மெதுவாக வளராது, நேற்று வாங்கினால் இன்றைக்கே ஏறும்!

ஏறவும் செய்தது. சத்யம் இன்ஃபோவே (பிறகு சிஃபி) 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் பட்டியலான முதல் இந்திய இணையக் கம்பெனி ஆயிற்று. அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. சமாசார், கேல், கோஜ், பாவர்ச்சி தளங்கள் எல்லாம் அதைச் சேர்ந்தவை. வெளிநாட்டில் இருந்தவர்களுக்குக் காலையில் எழுந்ததும் முதலில் திறக்கிற பக்கம் சமாசார்தான். ஆனாலும் வருமானம் என்று பார்த்தால் அதெல்லாம் சில கோடி சமாச்சாரம். அதற்கு 499 கோடியா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களைப் பழங்காலத்து ஆட்கள் என்றார்கள்.

சென்னையிலிருந்து பெண்டாமீடியா கிராஃபிக்ஸ் கணினி அனிமேஷனில் 'சிந்துபாத்' படம் எடுத்தது. நம்ம ஊர்க்காரர்கள் ஹாலிவுட்டுக்குச் சவால் விடுகிறார்கள் என்று பெருமைப்பட்டோம். படம் எடுத்தது நிஜம், தொழில்நுட்பமும் நிஜம். பங்கு விலை மட்டும் வேறு கணக்கில் ஓடியது. பெண்டாமீடியா, டி.எஸ்.கியூ. சாஃப்ட்வேர், சில்வர்லைன், அஃப்டெக், எச்.எஃப்.சி.எல். என்று பத்துப் பங்குகளுக்கு 'கே-10' என்றே சந்தையில் பெயர். 'கே' என்றால் கேதன் பாரிக். அவர் தொட்டது எல்லாம் ஏறும் என்ற நம்பிக்கையே அவற்றை ஏற்றியது.

2000 பிப்ரவரியில் சென்செக்ஸ் 6000-ஐத் தொட்டது. மார்ச் 10-ம் தேதி நாஸ்டாக் 5,048-ல் முடிந்தது. பிறகு நடந்தது தெரியும். நாஸ்டாக் 2002 அக்டோபரில் 1,114. சென்செக்ஸ் 2001 செப்டம்பரில் 2,600 பக்கம். கேதன் பாரிக் 2001 மார்ச் 30 அன்று கைதானார். அவருக்குக் கடன் கொடுத்த குஜராத்தின் மாதவ்புரா கூட்டுறவு வங்கி அவரோடு சேர்ந்து சரிந்தது. கே-10-ல் இருந்த சில பங்குகள் பின்னாளில் ஒற்றை இலக்கத்தில் கிடந்தன.

நானும் ஒரு 'இன்ஃபோடெக்' வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் வேலையில் சேர்த்த நாற்பதாயிரம் ரூபாய். ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு புரோக்கர் ஆபீஸ், மாடிப்படியில் நின்று டெர்மினலை எட்டிப் பார்க்கிற கூட்டம். "இருநூறுக்கு வாங்கு, நானூறுக்கு விக்கலாம்" என்றார் ஒருவர். "தொடாதே" என்றார் என் டீம் லீடர். டீம் லீடருக்கு என் மேல் பொறாமை என்று முடிவு செய்து வாங்கினேன். கடைசியில் விற்றபோது வந்த காசில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுசில் (லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கோபுரம்தான்) நண்பர்களுக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். பாக்கி அதிகமில்லை.

கருத்து சொன்னவர்களின் கதை

அந்த வருடங்களில் யார் என்ன சொன்னார்கள் என்பது பிறகு நீதிமன்ற ஆவணங்களாக வெளிவந்தது. வால் ஸ்ட்ரீட்டில் மெரில் லிஞ்சின் ஹென்றி பிளாட்ஜெட் இணையக் கம்பெனிகளுக்குப் பேர்போன ஆய்வாளர். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் 2002-ல் அவருடைய உள் மின்னஞ்சல்களை வெளியிட்டார். வெளியே 'வாங்கலாம்' என்று பரிந்துரைத்த பங்குகளை உள்ளே மட்டமாகத் திட்டியிருந்தார் மனிதர். அந்தக் கம்பெனிகளின் பங்கு வெளியீட்டு வேலையும் கமிஷனும் அதே வங்கிக்குத்தான் வந்து கொண்டிருந்தன என்பதுதான் சூட்சுமம். 2003-ல் பத்து பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 140 கோடி டாலர் கட்டி சமரசம் செய்து கொண்டன. பிளாட்ஜெட்டுக்கு அந்தத் தொழிலில் வாழ்நாள் தடை.

"அப்போ நல்லதாகச் சொன்னவன் எல்லாம் திருடன், வேண்டாம் என்றவன் ஞானி" என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. இன்ஃபோசிஸ் 1993 பிப்ரவரியில் முதன்முதலாகப் பங்கு வெளியிட்டபோது விலை 95 ரூபாய். மக்கள் சீந்தவில்லை. போதிய விண்ணப்பம் வராமல் மார்கன் ஸ்டான்லி 13% பங்கை அதே விலைக்கு எடுத்துக் கொண்டதால்தான் வெளியீடு கரை சேர்ந்தது. ஜூனில் பட்டியலானபோது 145. "சாஃப்ட்வேர் என்றால் என்ன, கண்ணால் பார்க்க மெஷின் உண்டா?" என்று ஒதுங்கியவர்கள் யாரும் முட்டாள்கள் அல்ல. அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான சந்தேகம்தான்.

ஆக, எச்சரித்தவரும் தோற்றிருக்கிறார், தூண்டியவரும் தோற்றிருக்கிறார். எந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது.

சித்தப்பாவின் நோட்டு

இனி 2008. சித்தப்பா அந்த வருஷம் மார்ச்சில் ரிட்டையர் ஆனார். கேரள அரசு வேலையில் அப்போது 55 வயதில் ஓய்வு. கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனும் சேர்ந்து கையில் ஒரு தொகை. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செலவு போக இரண்டு லட்சம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

டிசம்பர் 16 அன்று சத்யம் ஒரு அறிவிப்பு விட்டது. தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் கையிலிருந்த மேடாஸ் பிராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா இரண்டையும் 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக. (சத்யம் என்பதைத் திருப்பி எழுதினால் மேடாஸ்.) அமெரிக்கச் சந்தையில் அதன் பங்கு பாதிக்கும் கீழே விழுந்தது. சில மணி நேரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். மறுநாள் மும்பையில் ரூ.226-ல் இருந்த பங்கு ரூ.158 பக்கம் வந்து நின்றது.

அன்று ராத்திரி சித்தப்பா போன்.

"மக்கா, சத்யம் இவ்வளவு கீழ வந்திருக்கு. வாங்கலாமாடே? ஒருத்தன் இப்பிடிச் சொல்லுகான், ஒருத்தன் அப்பிடிச் சொல்லுகான். நான் ரெண்டையும் நோட்டில எழுதி வச்சிருக்கேன், கேட்டியா?"

வாசித்தார். பக்கத்தை மடித்து இரண்டு பத்தி போட்டிருந்தார்.

'வாங்கு' பத்தியில் இருந்தவை: கம்பெனி கையில் ஐயாயிரம் கோடிக்கு மேல் ரொக்கம். மொத்தப் பங்கு 67 கோடி, விலை 158 என்றால் முழுக் கம்பெனியின் விலையே பத்தாயிரத்துச் சொச்சம் கோடி. அதாவது கிட்டத்தட்ட பாதி விலை ரொக்கமாகவே திரும்பி நிற்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஊழியர்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஸ்பான்சர். இயக்குநர் குழுவில் ஹார்வர்ட் பேராசிரியர் கிருஷ்ண பலேபு, பென்டியம் சிப் புகழ் வினோத் தாம். செப்டம்பரில்தான் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது.

'வேண்டாம்' பத்தியில் மூன்று வரிதான்: மகன்கள் கம்பெனியை அப்பா அடுத்தவன் காசில் வாங்கப் பார்த்தார். நிறுவனர் குடும்பத்தின் பங்கு 2001-ல் 25% இருந்தது, இப்போது 9%-க்கும் கீழே. உலக வங்கி தன் வேலைகளிலிருந்து சத்யத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது.

நான் என்ன சொன்னேன்? உண்மையைச் சொல்லி விடுகிறேன். முதல் பத்தியின் நீளத்தில் மயங்கினேன். அமெரிக்காவில் சத்யம் ஆட்களோடு வேலை பார்த்திருந்தேன், நல்ல வேலைக்காரர்கள். "பயத்தில் அடித்து விட்டார்கள் சித்தப்பா, ஒரு லட்சத்துக்கு வாங்கலாம்" என்றேன்.

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "இந்த விருது குடுத்தவன், குழுவில இருக்கிற பேராசிரியரு, இவங்க யாராவது பேங்குக்குப் போய் அந்த ரொக்கத்தை எண்ணிப் பாத்திருப்பாங்களா மக்கா?"

ஆடிட்டர் பார்த்திருப்பார் என்றேன். அந்த ஆடிட்டர் உலகப் புகழ் பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர்.

"அப்ப எல்லாருமே அந்த ஒருத்தரைப் பாத்துத்தான் சொல்லுகாங்க. பத்து வரி எழுதியிருக்கேன். ஆனா சாட்சி ஒண்ணுதானாக்கும்."

1938

அவருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அப்புறம் ஒரு தடவை கேட்டேன். சாலையில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பேங்க் கதை என்றார்.

திருவிதாங்கூர் ஆட்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். கே.சி. மாம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் சி.பி. மாத்தனின் குயிலோன் வங்கியும் 1937-ல் ஒன்றாகி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாயிற்று. அடுத்த வருஷமே வாசலில் பணம் கேட்டுக் கூட்டம் முண்டியடித்தது. 1938 ஜூன் 21 அன்று வங்கி கதவை அடைத்தது. அக்டோபரில் இருவரும் கைதானார்கள். மாம்மன் மாப்பிள்ளையின் மலையாள மனோரமா பத்திரிகைக்கு அதற்கு முன்பே சீல் வைத்தாகிவிட்டது.

ஏன் விழுந்தது? திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் அரசு, தன்னை எதிர்த்தவர்களைப் பழிவாங்க வங்கியை வீழ்த்தியது என்பது ஒரு கட்சி. கடன் கொடுத்த விதமே சரியில்லை, விழ வேண்டியதுதான் விழுந்தது என்பது இன்னொரு கட்சி. எண்பது வருஷம் தாண்டியும் இந்த வழக்கு சரித்திரக்காரர்கள் மத்தியில் முடியவில்லை. அப்போது ரிசர்வ் வங்கிக்கு மூன்று வயது. அது கைகொடுத்து வங்கியைக் காப்பாற்றவில்லை. வங்கிகளை ஒழுங்குபடுத்த முழுமையான சட்டம் 1949-ல்தான் வந்தது.

பணம் போட்டவனை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் வாசலில் நிற்கிறான். "பணம் பத்திரம்" என்கிறது வங்கியும் அதன் பத்திரிகையும். "ஆபத்து" என்கிறது அரசுப் பக்கம். இரண்டு பேருக்கும் அவன் எதை நம்புகிறான் என்பதில் ஆதாயம் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க அவனுக்கு வழியில்லை. சாலைப் பெரியவர்கள் இதிலிருந்து எடுத்துக் கொண்ட பாடம், "சொல்லுகவனுக்கு இதில என்ன?" என்று முதலில் கேட்பது. சித்தப்பாவின் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி அப்புறம் முளைத்தது. அதற்கு அவர் வைத்த தலைப்பும் அதுவேதான்.

ஜனவரி 7

அவர் வாங்கவில்லை. புத்தியால் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "முதல்ல நகைக் கடை பாக்கியைத் தீருங்க" என்று சித்தி ஒரே போடாகப் போட்டு விட்டார். 2009 ஜனவரி 7-ம் தேதி சித்தப்பா சாலையில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிக் கொண்டிருந்தார். ராமலிங்க ராஜு அன்று காலை இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம் 5,361 கோடி, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத பணத்துக்கு வந்ததாகக் காட்டிய வட்டி 376 கோடியும் பொய். அதற்கு முந்தைய காலாண்டில் 24% என்று சொன்ன லாப விகிதம் உண்மையில் 3%. பங்கு அன்று ஒரே நாளில் 77% விழுந்து 40 ரூபாய்க்கு வந்தது. இரண்டு நாள் கழித்து 6 ரூபாய் 30 காசைத் தொட்டு மீண்டது.

'வாங்கு' பத்தியின் பத்து வரியும் அந்த ஒரு சாட்சியோடு சேர்ந்து விழுந்தன. 'வேண்டாம்' பத்தியின் மூன்று வரியும் நின்றன. அவை யாருடைய கருத்தும் இல்லை, நடந்த காரியங்கள். நிறுவனர்கள் தங்கள் பங்கை அடமானம் வைத்திருந்ததும் டிசம்பர் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. அடமானத்தை வெளியே சொல்லியாக வேண்டும் என்று செபி அந்த ஜனவரியில்தான் விதி கொண்டு வந்தது. 2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஏழு வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீனும் கிடைத்தது.

இன்னும் ஒரு போன்

இங்கேயே நிறுத்தினால் சித்தப்பாவுக்கும் எனக்கும் நல்ல பெயர். ஆனால் 2009 ஏப்ரலில் இன்னொரு போன் வந்தது.

அதற்குள் அரசு பழைய குழுவைக் கலைத்து, கிரண் கார்னிக், தீபக் பாரேக், சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன் போன்றவர்களை உட்கார வைத்திருந்தது. ஊழியர்களில் பெரும்பாலோர் இருந்தார்கள், வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரும் போகவில்லை. ஏலத்தில் டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து 31% எடுத்தது. சித்தப்பா கேட்டார்: "மக்கா, மகிந்திராக்காரன் உள்ள போய்ப் பாத்துட்டுத்தானே 58 குடுக்கான்? இப்ப அம்பதாயிரத்துக்கு வாங்கலாமா?"

நான் கத்தாத குறை. "திருட்டுக் கம்பெனி சித்தப்பா! வழக்கு எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது. தொடாதீங்க." இந்த முறை என் பேச்சைக் கேட்டார்.

சில வாரங்களில் சந்தை விலை அந்த 58-ஐத் தாண்டி விட்டது. 2013 ஜூனில் 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மகிந்திரா பங்கு என்ற கணக்கில் இரண்டும் இணைந்தன. 2015-ல் போனசும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து அந்த 2 பங்கு 8 ஆயிற்று. கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனசில்லை, நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு என்ன? டிசம்பரில் எல்லோரும் நல்லது சொன்னார்கள் என்று நம்பினேன். ஏப்ரலில் எல்லோரும் கெட்டது சொன்னார்கள் என்று ஓடினேன். இரண்டு தடவையும் கருத்துகளின் எண்ணிக்கையைத்தான் எண்ணினேன். ஏப்ரலில் சித்தப்பா சொன்ன காரணம் வேறு ரகம். ஒருவன் உள்ளே போய்ப் பார்த்து, தன் சொந்தப் பணத்தை வைக்கிறான். மூன்றாவது பத்தியில் அதை எழுதியிருந்தால் என்ன வரும்? "தப்பானால் சொன்னவனுக்கும் நஷ்டம்." டிசம்பரில் 'வாங்கு' என்றவர்களில் எத்தனை பேருக்கு அப்படி எழுத முடிந்திருக்கும்? அப்போதும் வழக்குகளைப் பற்றிய என் பயம் நியாயமானதுதான். அதற்காகத்தான் அவர் இரண்டு லட்சம் என்று கேட்காமல் ஐம்பதாயிரம் என்று கேட்டார். தொகையில்தான் அவருடைய சந்தேகம் இருந்தது. அதை நான் கவனிக்கவேயில்லை.

தம்பியிடம் சொன்னது

மறுநாள் தம்பி நோட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். பக்கத்தில் சித்தப்பா குரலும் கேட்டது. எழுபது தாண்டியாயிற்று, காது கொஞ்சம் மந்தம்.

ஏஐ கம்பெனி ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது என்றேன். மூன்று பத்தி போடு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இது நடந்ததா, யாரோ நினைப்பதா என்று குறி. பத்துப் பேர் ஒரே அறிக்கையைப் படித்து விட்டுச் சொன்னால் அது ஒரு சாட்சி என்று எண்ணு. சொன்னவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எழுது. அதன் பிறகும் இரண்டு பக்கமும் சமமாக நின்றால், முழுசாகப் போனாலும் வீட்டு லோனைத் தொடாத ஒரு தொகையை மட்டும் வை.

"அது ரொம்பக் கொஞ்சமா இருக்குமே அண்ணே?"

பின்னாலிருந்து சித்தப்பா: "என்னவாம்? எவ்வளவு போடணும்ங்கான்?"

தம்பி சத்தமாகச் சொன்னான்.

"அதையே போடச் சொல்லு. மீதிக்கு அவன் அமெரிக்காவில இருந்து ஜாமீன் நிப்பானா?"

இல்லை என்று நானே ஒத்துக் கொண்டேன். மூன்றாவது பத்தியில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை இல்லை. ஆலோசனை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதுதான் மேலே இருப்பதன் சுருக்கம்.